முதல் சனி இருமல், மூன்றாம் சனி கசிவு

மெஹர் பானு சிரிப்பை நிறுத்திவிட்டாள் என்பதைத் தெருவில் முதலில் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டுச் சந்திரலேகா. கண்டுபிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மதில். அதற்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக நின்று, சந்திரலேகா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஊரை மென்று துப்பிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள். இப்போது கூட்டுறவுச் சங்கச் செயலாளர் மாமியாருக்குப் பயந்து மாட்டுக்கொட்டகையில் ஒளிந்த கதையைச் சந்திரலேகா அபிநயத்தோடு சொல்லி முடித்தாள். பானுவோ "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போகத் திரும்பினாள்.

"நில்லுடி. சம்மந்தியம்மா ஆவப்போறோம்னு இப்பவே மொகத்தை இறுக்கி வச்சிக்கிட்டியா? சிரிச்சா கவுரவம் கொறைஞ்சிடுமோ?"

பானு வாசல் பக்கம் பார்த்தாள். புருஷன் மன்சூர் அலி குவைத்தில். மகள் நஜீபா உள்ளறையில் போனோடு. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சிரிச்சா இருமல் வருது லேகா. இருமுனா..."

"இருமுனா?"

"கீழ நனையுதுடி."

சந்திரலேகா மதிலில் சாய்ந்து காதைக் கொடுத்தாள். அது அவள் பழக்கமல்ல.

"தொழுவ நின்னா ஒரு இருமல். ஒளு முறிஞ்சு போவுது. திரும்பப் போயி கைகால் மொகம் கழுவி ஒளு செஞ்சிட்டு வந்து நின்னா இன்னொரு இருமல். நான் தொழுவுறேனா, குழாயடிக்கும் பாய்க்கும் நடுவுல ஓட்டப்பந்தயம் ஓடுறேனான்னு அல்லாவுக்குத்தான் தெரியும்" என்றாள் பானு. "அது எனக்கும் அவனுக்கும் உள்ளது, அவன் மன்னிப்பான். ஃபஹீமா மாமி மன்னிக்குமா?"

விஷயம் அங்கேதான் இருந்தது. பெருநாள் கழிந்ததும் நஜீபாவுக்கு நிக்காஹ். பானுவின் குடும்பத்தில் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆக, ஒரு வாலிபப் பிள்ளை நாளைக்கு இதே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடப்போகிறது. அதுகூடப் பரவாயில்லை. மாப்பிள்ளையைப் பெற்ற ஃபஹீமா, அம்பகரத்தூரில் சுத்தத்துக்குப் பேர்போனவள். நிச்சயத்தன்று வந்தபோது ஜன்னல் கம்பியில் விரலை ஓட்டிப் பார்த்தாள். சர்பத் கொடுத்தால் தம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். நிக்காஹ் அன்று அவள் பக்கத்தில் நாளெல்லாம் உட்கார வேண்டும். அவள் பக்கத்தில் ஓர் இருமல் வந்தால் அம்பகரத்தூர் முழுக்க நாறிவிடும் என்பது பானுவின் பயம்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம் வா" என்றாள் சந்திரலேகா.

பானு ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். கடற்கரைப் பொதுநல மருத்துவமனையில் புதன்கிழமைதோறும் ரத்த அழுத்தப் பிரிவு. போன நோன்புக்குப் பிறகு அவளுக்குப் பிபி இருக்கிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். அங்கே டாக்டர் விஷ்ணுப்ரியா. நல்ல மனசுக்காரி. மேஜைமேல் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து நோயாளியின் முகத்தைப் பார்க்கும் வாய்ப்புத்தான் அவருக்கு அமையவில்லை.

"மேடம், கொஞ்ச நாளா வறட்டு இருமல்..." என்று பானு அங்கே ஒருமுறை ஆரம்பித்துப் பார்த்தாள்.

"இங்க பிபி மட்டும் சொல்லுங்கம்மா. இருமல் முதல் சனிக்கிழமை" என்றார் டாக்டர், திரையிடம்.

காரைக்காலுக்கு நிபுணர் என்பவர் புதுச்சேரியிலிருந்து வந்தாக வேண்டும். நடுவில் தமிழ்நாடு நீட்டிப் படுத்திருக்கிறது. அதைத் தாண்டி, பூவத்தில் எல்லைக்குள் நுழைந்து, வெயிலில் வந்து இறங்குவதற்குள் அவருக்கே ஒரு நிபுணர் தேவைப்படும். ஆகவே முறை வைத்திருந்தார்கள். முதல் சனி நெஞ்சு, இரண்டாம் சனி தோல், மூன்றாம் சனி சிறுநீர், நான்காம் சனி மனநலம். முதல் மூன்று சனிக்கு வந்துபோனவர்கள் பெரும்பாலும் நான்காம் சனிக்கும் வந்தார்கள். சனீஸ்வரனுக்குப் பேர்போன மாவட்டத்தில் இது சரிதான் என்று யாரும் ஆட்சேபிக்கவில்லை.

முதல் சனிக்கிழமை நெஞ்சு நிபுணர் கார்த்திகேசன் பானுவின் முதுகில் குழாயை வைத்தார்.

"இருமுங்க."

பானு முழங்கால்களை ஒட்டி, பாதங்களைப் பின்னி, நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பூனைக்குட்டி தும்முவதுபோல் ஒரு சத்தம் எழுப்பினாள்.

"என்னம்மா, இருமச் சொன்னா யோகாசனம் பண்றீங்க? நல்லா இருமுங்க."

"நல்லா இருமுனா கீழ போயிடுதுங்க டாக்டர். அதான் வந்தேன்."

டாக்டர் குழாயைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பானுவின் விலாவுக்குக் கீழே காற்றில் குறுக்காக ஒரு கோடு போட்டார்.

"இது உதரவிதானம். இதுக்கு மேல நான். இதுக்குக் கீழ மூணாம் சனிக்கிழமை வர்ற சஃபியுல்லா சார். ஒருத்தர் எல்லைக்குள்ள இன்னொருத்தர் நுழையுறதில்ல. அது எங்க தொழில் மரியாதை."

"இருமல் எல்லை தாண்டிப் போவுதே சார்? அதை யாரு புடிக்கிறது?" என்றாள் துணைக்கு வந்த சந்திரலேகா.

"அதை பேஷண்ட்தாம்மா பிடிச்சு வச்சுக்கணும்" என்றார் அவர் பரிவோடு. தொண்டை காயாமல் நாளுக்கு நாலு லிட்டர் வெந்நீர் குடிக்கச் சொல்லி, இருமலுக்கு ஒரு மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

நாலு லிட்டர் வெந்நீர் போகிற இடத்துக்குப் போயிற்று. மூன்றாம் சனிக்கிழமை வருவதற்குள் நஜீபாவின் கல்யாணத்துக்கென்று வாங்கிவைத்த புதுத் துவாலைகளில் பாதி பானுவின் அலமாரிக்கு இடம் மாறியிருந்தன. இருமல் மருந்தின் மயக்கத்தில் தள்ளாடிக்கொண்டு சிறுநீர் நிபுணர் சஃபியுல்லா முன்னால் போய் நின்றாள்.

"இருமுனா கசியுதா? எங்க, இருமுங்க பாப்போம்."

விதியைப் பாருங்கள். காலையில் குடித்த மருந்து தொண்டையைக் கட்டிப்போட்டிருந்தது. பானு முக்கினாள், முனகினாள், தொண்டையைச் செருமினாள். இருமல் வரவில்லை.

"நிரூபணம் இல்லையேம்மா" என்றார் சஃபியுல்லா. "இருமுனாத்தான் கசியும்னு நீங்க சொல்றீங்க. இருமல் என் டிபார்ட்மெண்ட் இல்ல. இருமலை நான் இங்க ஸ்டாக் வச்சுக்க முடியாது. வர்றப்ப நீங்கதான் இருமலோட வரணும்."

"முதல் சனிக்கிழமைதான சார் இருமல்?" என்று கேட்டாள் சந்திரலேகா.

"அது உங்க பிரச்சனை. தண்ணியைக் குறைங்க. ஒரு லிட்டர் போதும்."

"அவரு நாலு லிட்டர் குடிக்கச் சொல்லியிருக்காரே!"

"உள்ள போறது அவர் விருப்பம். வெளிய வர்றது என் பொறுப்பு. நான் அவர் விஷயத்துல தலையிடமாட்டேன்."

இருவரும் வராந்தாவுக்கு வந்தார்கள். அங்கே யாரோ தரையில் ஊற்றிய பினாயில் நெடி பானுவின் மூக்கில் ஏறியது. அவ்வளவுதான். அடிவயிற்றிலிருந்து கிளம்பிய இருமல் அவளை இரண்டாக மடித்துப்போட்டது. சந்திரலேகா அவளைத் தூணோடு சாய்த்துவிட்டு உள்ளே ஓடினாள்.

"சார், வந்துட்டு சார்! நிரூபணம் வந்துட்டு! ஓடியாங்க!"

"அடுத்த டோக்கன் கூப்பிட்டாச்சும்மா" என்றார் சஃபியுல்லா.

அந்தப் புதன்கிழமை பானுவின் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. ஏறாமல் என்ன செய்யும்? டாக்டர் விஷ்ணுப்ரியா திரையைப் பார்த்துக் கவலைப்பட்டு, ஒன்றாக இருந்த மாத்திரையை இரண்டாக்கினார். மாத்திரை இரண்டானதும் இருமலும் இரண்டானது. பானு தெருவில் நடப்பதையே நிறுத்திவிட்டாள். கோட்டுச்சேரிக்குப் பஸ் ஏறிப் பத்திரிகை கொடுக்க வேண்டிய சொந்தங்களுக்கெல்லாம் வாட்ஸப்பில் அனுப்பினாள். "உம்மா, ஏன் எல்லார்கிட்டேயும் கோவமா இருக்கீங்க? இந்தக் கல்யாணம் புடிக்கலையா?" என்று நஜீபா ஒருநாள் கண்கலங்கிக் கேட்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மகளிடம் சொல்லவும் முடியவில்லை.

"கடைசியா பெரியவர்கிட்டே போயிடுவோம்" என்றாள் சந்திரலேகா.

பெரியவர் என்றால் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் சிவநாதன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து வெகுகாலமாகியும் ஒரு திறப்புவிழாகூட நடத்த வாய்க்காத ஏக்கத்தில் இருந்தவர். பானுவின் கதையைக் கேட்கக் கேட்க அவர் முகத்தில் ஓர் ஒளி பரவியது. அதை அனுதாபம் என்று பானு நினைத்துக்கொண்டாள்.

"அம்மா, நிர்வாகம்னா என்ன? எல்லை. பூவத்தோட நம்ம எல்லை முடியுது. அதுக்கு அந்தாண்ட நம்ம ஆம்புலன்ஸே வேற மாநிலத்து ரோட்டுலதான் ஓடணும். உடம்பும் அப்படித்தான். நெஞ்சு ஒரு மாநிலம், அடிவயிறு ஒரு மாநிலம். ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டுன்னு எப்படிச் சொல்றீங்க?"

சந்திரலேகாவுக்கு வாய் துறுதுறுத்தது. "ஏன் சார், புதுச்சேரி அங்க கெடக்குது, நாம இங்க கெடக்குறோம், நடுவுல வேற மாநிலம். இருந்தாலும் அங்க ஒருத்தர் இருமுனா இங்க நாமதான நனையுறோம்? இவளுக்கும் அதே கதைதான்."

சிவநாதன் திடுக்கிட்டார். பிறகு மெல்ல, "அருமை" என்றார். "இதைக் கொஞ்சம் திரும்பச் சொல்லுங்க" என்று கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார்.

அடுத்த வாரமே இருமல் சிறுநீர் ஒருங்கிணைப்புக் குழு உதயமானது. உறுப்பினர்கள் அனைவரும் ஆண்கள். "பொம்பளைங்க சமாச்சாரம் பாருங்க, பொம்பளைங்க உட்கார்ந்திருந்தா பேசக் கூச்சமா இருக்கும்" என்று காரணம் சொல்லப்பட்டது. முதல் கூட்டத்தில் குழுவின் பெயரில் இருமல் முன்னால் வரலாமா சிறுநீர் முன்னால் வரலாமா என்பதில் கார்த்திகேசனுக்கும் சஃபியுல்லாவுக்கும் வாக்குவாதம் முற்றி, வடை ஆறிப்போனது. இருமல்தானே முதலில் நிகழ்கிறது என்று ஒருவர். விளைவுக்குத்தான் முன்னுரிமை என்று மற்றவர். இரண்டாம் கூட்டத்தில் சின்னம். நுரையீரலுக்கு அடியில் ஒரு துளி போடலாம் என்று வந்த யோசனை, குடும்பத்தோடு பார்க்கும்படி இல்லை என்று தள்ளப்பட்டது. குழாய் வரையலாம் என்றதைக் குடிநீர் வாரியம் ஆட்சேபிக்கும் என்றார்கள். முடிவில் கலங்கரை விளக்கம் ஏகமனதாகத் தேர்வானது. இதற்கும் அதற்கும் என்ன உறவு என்று ஒருவரும் கேட்கவில்லை. காரைக்காலில் எதற்கு வேண்டுமானாலும் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

குழு இப்படி இரவு பகலாக உழைத்துக்கொண்டிருந்தபோது மருந்தகத்தில் பிபி மாத்திரை தீர்ந்துபோயிற்று.

"புதுச்சேரிலேர்ந்து வரணும்" என்றார் மருந்தாளுநர்.

"எப்பங்க வரும்?"

"வந்தா வரும்மா. வெளியில வாங்கிக்குங்க."

பானு வெளியில் வாங்கலாம் என்றுதான் நினைத்தாள். நகைக்கடை, தையல்காரர், பிரியாணி பேசுவது என்று அலைந்ததில் மறந்துபோனாள். ஒருநாள் இரவு இஷா தொழுது, சலாம் கொடுத்து முடித்தவள், பாயிலிருந்து எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தொழுகை நடுவில் அறுபடவில்லை. அன்று முழுக்க இருமியதாக ஞாபகமில்லை. முந்தின நாளும்கூட இல்லை. ஆனாலும் சிரித்துப் பார்க்க மட்டும் துணிச்சல் வரவில்லை.

காலையில் மதிலோரம் வந்து சொன்னபோது சந்திரலேகா போலீஸ்காரியாக மாறிவிட்டாள்.

"புதுசா என்ன சாப்புட்டே?"

"ஒண்ணும் சாப்புடலடி."

"நாட்டு மருந்து? தைலம்? ஓதிக் குடிச்சியா?"

"இல்லடி. இருக்குற பிபி மாத்திரையையே நான் சாப்புடல, ஆஸ்பத்திரிலதான் இல்லைன்னுட்டாங்களே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புதன்கிழமை முதல் வேலையாகப் போய்க் கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. அதற்குள் மருத்துவமனையிலிருந்தே போன் வந்தது. இருமல் சிறுநீர்க் குழுவின் திட்டத்துக்குப் புதன்கிழமை தொடக்க விழாவாம். மெஹர் பானுதான் முதல் பயனாளியாம். மேடைக்கு வர வேண்டுமாம்.

"என்ன பயன்னு கேட்டியா?" என்றாள் சந்திரலேகா.

"கேட்டேன். இருமல் நின்னுபோச்சுன்னும் சொன்னேன். எல்லாம் விழாவுல தெரியும்ங்குறாங்க."

விழா அரங்கில் கலங்கரை விளக்கம் போட்ட பதாகை. புதுச்சேரியிலிருந்து சுகாதாரத் துறை இயக்குநர் வந்திருந்தார். அவர் வந்த வண்டியிலேயே, இடம் இருந்ததால், பற்றாக்குறையாக இருந்த மாத்திரைகளையும் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். கூட்டம் சேர்ப்பதற்காகப் புதன்கிழமை பிபி நோயாளிகள் அத்தனை பேரையும் அரங்கில் உட்காரவைத்திருந்தார்கள். கழிப்பறைக் கதவில் "விழா முடியும்வரை முக்கிய விருந்தினர்களுக்கு மட்டும்" என்று ஓர் அட்டை தொங்கியது.

சிவநாதன் மைக்கைப் பிடித்தார்.

"அவையோரே! புதுச்சேரி இருமினால் காரைக்கால் நனைகிறது என்று நான் அடிக்கடி சொல்வதுண்டு." இயக்குநர் நெளிந்தார். "அதாவது, அன்பில் நனைகிறது. பெண்களின் இந்தத் துயரம் என்னைத் தூங்கவிடவில்லை. ஆகவே குழு அமைத்தேன். குழு கூடியது. குழு கூடியதுமே இந்த அம்மாவின் இருமல் நின்றுவிட்டது! இன்னும் சிகிச்சையே தொடங்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்!"

கைதட்டல். கார்த்திகேசன் எழுந்து, மேலே அடைத்ததால்தான் கீழே நின்றது என்றார். சஃபியுல்லா எழுந்து, கீழே நின்றதை முதலில் பார்த்தவர்கள் யார் என்பதைச் சரித்திரம் சொல்லும் என்றார். பிறகு ரிப்பன் கட்டிய ஒரு பெட்டியை இயக்குநர் பானுவின் கையில் கொடுத்தார். உள்ளே, மூன்று மாதத்துக்கான பிபி மாத்திரை.

"நன்றி சொல்லுங்கம்மா, ரெண்டு வார்த்தை" என்று மைக்கை நீட்டினார் சிவநாதன்.

பானு துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தாள். அவர்களில் பலர் முழங்கால்களை ஒட்டி, பாதங்களைப் பின்னி உட்கார்ந்திருந்தார்கள். அந்த உட்காரும் விதம் அவளுக்குத் தெரியும். வீட்டில் ஒத்திகை பார்த்த நன்றி மறந்துபோயிற்று.

"எனக்கு இருமுனா ஒண்ணுக்குப் போயிடும்ங்க" என்றாள்.

முன்வரிசை ஆண்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

"இங்க குடுத்த மாத்திரை சாப்புட்ட மாசத்துலேர்ந்துதான் எனக்கு இருமல். ரெண்டாக்குனாங்க, ரெட்டிப்பா ஆச்சு. உங்ககிட்டே மாத்திரை தீந்துபோச்சு. இருமல் நின்னுபோச்சு. கசியுறதும் நின்னுபோச்சு. என்னைக் கொணப்படுத்துனது குழு இல்லைங்க. நீங்க மாத்திரை குடுக்காம இருந்ததுதான். அதுக்கு நன்றி. இந்தப் பொட்டியை மட்டும் நீங்களே வச்சுக்குங்க."

வேறொருவராக இருந்தால் தடுமாறியிருப்பார். சிவநாதன் இருபத்தெட்டு வருஷ அனுபவசாலி. மைக்கை நிதானமாகத் திரும்ப வாங்கினார்.

"கேட்டீர்களா! மருந்து இல்லை, மருந்து இல்லை என்று நம்மைத் தூற்றுகிறார்களே, அவர்களுக்கு இந்தத் தாயே பதில்! மருந்து இல்லாமையும் ஒரு மருந்து என்பதை நம் மருத்துவமனை நிரூபித்திருக்கிறது. இந்தச் சிகிச்சையை மற்ற பிரிவுகளுக்கும் படிப்படியாக விரிவுபடுத்துவோம்!"

இயக்குநர் பலமாகக் கைதட்டினார். செலவில்லாத திட்டம்.

கைதட்டல் நடுவே, மேடையின் ஓரத்தில் டாக்டர் விஷ்ணுப்ரியா எழுந்து நின்றார். எதிரே கம்ப்யூட்டர் இல்லாததால் அவர் பானுவின் முகத்தை அன்றுதான் பார்க்கிறார். பெட்டியை வாங்கி மாத்திரையின் பெயரைப் படித்தார். முகம் மாறியது.

"இந்த மாத்திரைல சில பேருக்கு வறட்டு இருமல் வரும். பொம்பளைங்களுக்கு இன்னும் அதிகம். ஏம்மா, இருமல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேனே?"

"சொன்னேங்க. முதல் சனிக்கிழமைன்னு சொல்லிட்டீங்க."

விஷ்ணுப்ரியா பிபி கருவியைக் கொண்டுவரச் சொன்னார். அங்கேயே, மேடைப் படிக்கட்டில் உட்கார்ந்து பிபி பார்த்தார். அது எக்குத்தப்பாக ஏறியிருந்தது. இனிமேல் மாத்திரையைத் தானாக விடக் கூடாது என்று கடிந்துகொண்டு வேறு மாத்திரை எழுதினார். தளர்ந்த தசையை இறுக்க ஒரு பயிற்சி உண்டு என்று காதோடு சொல்லிக்கொடுத்தார். அதற்குள் அவரைச் சுற்றிப் பெண்கள் கூடிவிட்டார்கள். "மேடம், எனக்கும்தான்..." என்று ஒருத்தி இழுத்தாள். "இவளுக்கு இருமுனா, எனக்குத் தும்முனா" என்றாள் இன்னொருத்தி. விழா நன்றியுரைக்குக் கூட்டம் இல்லை.

நிக்காஹ் நன்றாக நடந்தது. மன்சூர் அலி குவைத்திலிருந்து வந்து வாசலில் நின்று எல்லோரையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் அலங்காரச் சோபாவில் பானு. பக்கத்தில், வெளிர்நிறப் பட்டில், முதுகு வளையாமல் ஃபஹீமா. எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சந்திரலேகா, கண்காணிப்பாளர் சிவநாதனின் பேச்சை அவர் குரலிலேயே ஏற்ற இறக்கத்தோடு நடத்திக்காட்டினாள். "மருந்து இல்லாமையும் ஒரு மருந்து" என்று அவள் இல்லாத கண்ணாடியை மூக்கில் தூக்கிவிட்டபோது பெண்கள் பக்கமே குலுங்கியது.

பானுவும் சிரித்தாள். முதலில் வாயை மூடிக்கொண்டு. பிறகு மூட முடியாமல். கண்ணில் தண்ணீர் வர, தோள் குலுங்க, வருஷக் கணக்கில் மதிலோரம் சிரித்த அந்தப் பழைய சிரிப்பு. சந்திரலேகா அபிநயத்தை நிறுத்தாமலே புருவத்தை உயர்த்தி நிலவரம் கேட்டாள். பானு தலையை இடவலமாக ஆட்டினாள். ஒன்றுமில்லை.

அப்போதுதான் பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஃபஹீமாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சிரிப்பு பாதியில் வறட்டு இருமலாக உடைந்தது. ஒன்று, அடக்கப் பார்த்து இன்னொன்று. அம்பகரத்தூரின் சுத்தக்காரி சட்டென்று முழங்கால்களை ஒட்டினாள், பாதங்களைப் பின்னினாள், சோபாவின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். அவள் முகத்திலிருந்து சம்மந்தி காணாமல்போய், வழி தெரியாமல் நிற்கும் ஒரு பெண்பிள்ளை வந்து உட்கார்ந்திருந்தாள்.

"சம்மந்தி" என்றாள், உதடு அசையாமல். "பாத்ரூம் எந்தப் பக்கம்?"

பானு உடனே எழுந்தாள். தன் துப்பட்டியை அவிழ்த்து ஃபஹீமாவின் தோளோடு சேர்த்துப் பின்பக்கம் முழுக்க விழும்படி போர்த்தினாள். கையைப் பிடித்து எழுப்பி, பின்னாலேயே ஒட்டி நடந்து, யாரும் வழிமறித்துக் குசலம் விசாரிக்காதபடி கூட்டிப்போனாள். கதவருகே வந்ததும் அவள் காதருகே குனிந்தாள்.

"சம்மந்தி, நீங்க பிபிக்கு என்ன மாத்திரை சாப்புடுறீங்க?"